கூப்பிடாத பெயர்

நோர்வேயில் ஒரு பிள்ளை பிறந்தால் அரசாங்கம் அதற்கு முதலில் கொடுப்பது ஓர் எண். பெயர் விஷயத்தில் யாரும் அவசரப்படுத்துவதில்லை. அதற்கு அரை வருடம் தவணை தருகிறார்கள். என் மகன் பிறந்து சில நாட்களிலேயே அவனுக்கென்று ஓர் எண் வந்துவிட்டது, மருத்துவர் வந்துவிட்டார், தடுப்பூசிக்கு நாள்கூடக் குறித்தாகிவிட்டது. பெயர் மட்டும் இல்லை. பெயர் கிடைக்காமல் இல்லை. ஒரு பெயர் அவன் பிறந்த நிமிடத்திலேயே வந்துவிட்டது. அதை எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்ல முடியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

பிரசவத்தன்று மருத்துவிச்சி அவனைத் துடைத்துத் தூக்கி என் நெஞ்சின்மேல் போட்டாள். நான் ஓவென்று அழப்போகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன், அழுகை வரவில்லை. அவனும் அழவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து, நெற்றியைச் சுருக்கி, இது எந்த இடம் என்று விசாரிப்பதுபோல என்னைப் பார்த்தான். ஒரு நிமிடத்துக்கு முன் இந்த உலகத்தில் இல்லாத ஓர் ஆள் என்னைப் பார்க்கிறான்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்போது என் வாயிலிருந்து ஒரு பெயர் வந்தது. நான் யோசித்துச் சொன்னதில்லை. தும்மல் வருவதுபோல அது தானாக வந்தது. “அதுதான் பெயரா? நல்ல பெயர்,” என்றாள் மருத்துவிச்சி. பக்கத்தில் நின்ற என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அது என் தம்பியின் பெயர் என்று என்னைத் தவிர அந்த அறையில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

என் தம்பி காணாமற்போய் அப்போது ஏழு வருடம். இடம்பெயர்ந்து போன சனமெல்லாம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்த காலத்தில், ஒருநாள் காலையில் சைக்கிளில் சந்தைக்குப் போனவன் வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. அப்பா ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை, அம்மா கோயில்களில் வைக்காத நேர்த்தி இல்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில் அவனுடைய பெயரை ஒருவரும் உச்சரிப்பதில்லை. அப்படி ஒரு சட்டம் யாரும் போடவில்லை. ஆனால் பெயரைச் சொன்னால் அடுத்த சொல் என்ன என்று எவருக்கும் தெரியவில்லை; இருக்கிறான் என்பதா, இருந்தான் என்பதா? அதனால் ‘அவன்’ என்றோம், ‘சின்னவன்’ என்றோம். நான் கலியாணம் முடித்து ஒஸ்லோவுக்கு வந்தேன். இங்கேயும் அந்தப் பெயரை என் கணவருக்கு ஒரே ஒருமுறைதான் சொல்லியிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு உறவினரின் பெயரை வைப்பதென்றால் செத்தவரின் பெயரைத்தான் வைப்பார்கள். உயிரோடிருப்பவரின் பெயரை வைத்தால் அவருடைய ஆயுள் குறையும் என்பார்கள். ஆகவே தம்பியின் பெயரை நான் மகனுக்கு வைத்தால் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அக்காக்காரி கணக்கை முடித்துவிட்டாள், தம்பியைச் செத்தவர்களோடு சேர்த்துவிட்டாள். அதுவும் எப்போது? சமாதானப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த காலத்தில். யாழ்ப்பாணப் பாதை திறந்து, துண்டுபட்டிருந்த சனம் ஒருவரையொருவர் தேடிப் போய்க்கொண்டிருந்த காலத்தில். எங்கேயோ தடுத்து வைத்திருந்தவர்களை விடப்போகிறார்களாம் என்று ஒவ்வொரு கிழமையும் ஒரு கதை ஊரில் உலாவும். அம்மா தினமும் ஓர் ஆளுக்குச் சோறு கூடுதலாகப் போடத் தொடங்கியிருந்தாள். அந்த அம்மாவிடம் போய் இந்தப் பெயரை நான் எந்த வாயால் சொல்வது?

எனவே, வேறு பெயர் தேடினோம். தேடினோம் என்பதைவிட, ஊரே தேடிக் கொடுத்தது என்பதுதான் சரி. ஒஸ்லோவில் ரொம்மன் பகுதியிலிருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் பிள்ளை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு உடுப்பும் ஆளுக்கொரு பெயரும் கொண்டு வந்தார்கள். தலைக்குத் தலை பெரியதனம். ஒருவர் சுத்தத் தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்றார். ஊரில் வாத்தியாராக இருந்தவர் அவர், மாதிரிக்கு மூன்று சொல்லிவிட்டு மிக்ஸர் சாப்பிட்டார். இன்னொருவர், நாளைக்குப் பிள்ளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வெள்ளைக்காரர் பயப்படாத பெயராக இருக்கவேண்டும் என்றார். கணவரின் பெயரில் பாதியையும் என் பெயரில் பாதியையும் ஒட்டிப் பார்த்தவர்களும் உண்டு. ஒட்டி வந்தது ஏதோ இருமல் மருந்தின் பெயர்போல இருந்தது. கீழ்மாடியில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி இருந்தார்கள். “இன்னுமா பேரு வைக்கல? எங்க வீட்ல பொறக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு செலக்ட் பண்ணி வச்சிட்டோம்,” என்றாள் அந்தப் பெண். கெட்டிக்காரர்கள்.

எல்லோருக்கும் மேலே என் மச்சாள். என் கணவரின் அக்கா, எல்லிங்ஸ்ருட்டில் இருப்பவர். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்கை அரைத்துக் கறி வைத்து, அந்தக் குளிரில் பஸ் மாறி ஏறிக் கொண்டு வருவார். கறி தொண்டையில் இறங்கும்போதே கேள்வியும் இறங்கும்.

“என்ன, யோசிச்சனீரோ? சாத்திரியார் சொன்னவர், உவன்ரை நட்சத்திரத்துக்கு நாலு எழுத்துத்தான். அதிலை ஒண்டிலை தொடங்கினால் போதும். முப்பத்தொண்டும் முடியப்போகுது. இனியும் பிள்ளையை ‘குட்டி, குட்டி’ எண்டு கூப்பிட்டுக்கொண்டு இருப்பீரோ?”

“பாப்பம் மச்சாள். இன்னும் ஒண்டும் மனசிலை நிக்கேல்லை.”

“பேர் என்ன, மனசிலையே நிக்கிறது? வைச்சால் நிக்கும்.”

எனக்குக் கோபம் வரும். ஆனால் வாயில் அவர் வைத்த சரக்குக் கறி இருக்கும்போது எப்படிக் கோபப்படுவது? முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்தோம், பெயர் வைக்கவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. தாய்க்கும் தகப்பனுக்கும் ஒத்துவரவில்லையாம் என்று ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் இரண்டு பெண்கள் கதைத்தது என் காதுக்கே வந்தது.

அந்த நாட்களில் நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லோரும் போனபிறகு, வெளியே பனி வெளிச்சத்தில் வீடு முழுக்க வெள்ளையாக இருக்கும். அவனை மடியில் கிடத்திப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பேன். வாத்தியார் சொன்னது, மச்சாள் சொன்னது, கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னது. ஒவ்வொரு பெயருக்கும் அவன் வேறு ஆளாகத் தெரிவான். ஒரு பெயரில் பெரிய உத்தியோகத்தன், இன்னொரு பெயரில் குழப்படிக்காரன், இன்னொன்றில் யாரோ அயல்வீட்டுப் பிள்ளை. எனக்குப் பயமாக இருந்தது. நாங்கள் சும்மா வாயால் சொல்லும் ஒரு சத்தத்தைத்தான் இவன் தன் ஆயுள் முழுக்க ‘நான்’ என்று நம்பப்போகிறான். சன நெரிசலில் எவராவது அதைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பான். நித்திரையில் சொன்னாலும் எழும்புவான். இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்ய எங்களுக்கு யார் அதிகாரம் தந்தது? உலகத்தில் எல்லாத் தாய் தகப்பனும் இதை எப்படி ஒரு பின்னேரத்தில் தேநீர் குடித்துக்கொண்டே செய்து முடித்தார்கள் என்று வியந்து வியந்து பார்த்தேன். இன்றுவரை எனக்கு அந்த வியப்புத் தீரவில்லை.

எங்கள் மேல்மாடியில் ஒரு நோர்வேக்காரப் பெண்மணி தனியாக இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், தபால் பிரிக்கும் இடத்தில் வேலை. ஒருநாள் தானே பின்னிய கம்பளித் தொப்பியோடு வந்தார். பெயர் இன்னும் இல்லை என்றதும் மற்றவர்களைப் போல ஆலோசனை சொல்லவில்லை. தன் பெயரின் கதையைச் சொன்னார். அவருக்கு முன் பிறந்த ஒரு பெண் குழந்தை சிறுவயதிலேயே இறந்துவிட்டதாம். அடுத்துப் பிறந்த இவருக்கு அதே பெயரை வைத்தார்களாம். அந்தக் காலத்தில் அவர்களுடைய ஊரில் அது வழமைதானாம்.

“உங்களுக்கு அது எப்படி இருந்தது?” என்று கேட்டேன்.

“அம்மா கூப்பிடும்போது சில வேளை குரல் மாறும். அப்போது அம்மா கூப்பிடுவது என்னை அல்ல என்று எனக்குத் தெரியும். நான் போவேன். யாராவது போகத்தானே வேண்டும்,” என்றார். இதைச் சொல்லிவிட்டுக் குழந்தைக்குத் தொப்பியைப் போட்டு அளவு பார்த்தார்.

ஆக, இங்கேயும் அப்படித்தான். உலகம் முழுக்கப் பெயர் செத்தவரிடமிருந்துதான் இறங்கி வருகிறது. எனக்கு ஒரு முடிவு வந்தது. அந்தப் பெயர் வேண்டாம். மச்சாள் சொன்ன நான்கு எழுத்தில் ஒன்றைப் பிடித்து ஏதாவது வைத்துவிடுவோம் என்று கணவரிடம் சொன்னேன்.

“உமக்கு அது விருப்பமோ?” என்று கேட்டார்.

“விருப்பமெண்டு ஆர் சொன்னது? என்ரை வாய் அண்டைக்குச் சும்மா இருந்திருக்கலாம்.”

என் கணவர் அதிகம் கதைக்காத மனிதர். கதைக்காதவர்கள் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரிவதில்லை. அவர் வேலைக்குப் போகிற வழியில் ஒரு டெலிபோன் கார்ட் வாங்கி, எனக்குத் தெரியாமல் என் அப்பாவுக்கு எடுத்திருக்கிறார்.

ஊரில் எங்கள் வீட்டில் அப்போது டெலிபோன் இல்லை. வேலிக்கு அடுத்த வீட்டில் இருந்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் நான் எடுப்பேன் என்று அப்பா அங்கே வந்து காத்திருப்பார். அம்மாவுக்கு முழங்கால் நோகிற வருத்தம், நடக்க முடிந்த நாளில் வருவாள். அந்தச் சனிக்கிழமை அப்பா தனியாக வந்திருந்தார். சுகம் விசாரித்த பிறகு மழை வெயில் என்று எதையெதையோ சொல்லிக்கொண்டிருந்தார். கார்டில் காசு போகிறதே என்று நான் அவசரப்பட்டேன்.

“பிள்ளை, மருமோன் எனக்கு எடுத்துச் சொன்னவர்,” என்றார். “உவன் பிறக்கேக்கை உன்ரை வாயிலை வந்த பேரைச் சொன்னவர்.”

கணவரை அந்த இடத்திலேயே கொல்லலாம் போல இருந்தது.

“அப்பா, அது நான் யோசிச்சுச் சொல்லேல்லை. தெரியாமல் வந்திட்டுது. நாங்கள் வேறை பேர்தான் வைக்கப்போறம்.”

“ஏன்?”

“செத்த ஆக்களின்ரை பேரைத்தானே அப்பா வைக்கிறது?”

“ஆர் உனக்கு அப்பிடிச் சொன்னது? உந்தச் சட்டமெல்லாம் ஆர் எழுதினது?” அப்பாவுக்குக் கோபம் வந்தால் குரல் மெலியும், அப்போது மெலிந்தது. “வை. அவன் வந்தால், கூப்பிடேக்கை ரெண்டு பேரும் திரும்பிப் பாப்பினம். பாக்கட்டுமே. வீட்டிலை ஆள் கூடினால் நல்லதுதானே?”

நான் டெலிபோனைப் பிடித்தபடி நின்றேன். என் அப்பா பெரிதாகப் படித்தவர் அல்ல. வாழ்க்கை முழுக்கச் சாத்திரத்துக்கும் சம்பிரதாயத்துக்கும் பயந்த மனிதர். வெள்ளிக்கிழமை நகம் வெட்டமாட்டார். அப்படிப்பட்டவர், ஊர் காலங்காலமாகச் சொல்லி வந்ததை ஒரு வசனத்தில் தள்ளி வைத்துவிட்டார். மகன் செத்துவிட்டான் என்று ஒப்புக்கொள்ளாமலே அவன் பெயரைப் பேரனுக்குக் கொடுக்க ஒரு வழி இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு எப்படித் தோன்றியது? அந்தச் சின்ன மனிதரை நினைக்க எனக்குப் பிரமிப்பாக இருந்தது.

“அம்மா?” என்று கேட்டேன்.

“கொம்மாவுக்கு நான் சொல்லுறன். நீ வாய் திறக்காதை.”

எங்கள் குடும்பத்தில் பிள்ளையின் காதில் பெயரைச் சொல்வது தாய்மாமன். என் பிள்ளைக்குத் தாய்மாமன் ஒருவன்தான், அவனும் இல்லை. மாமன் முறைக்கு ஓர் ஆளை இங்கே பிடிக்கலாம் என்று மச்சாள் சொன்னார். அப்பா சம்மதிக்கவில்லை. “அவன்ரை இடத்திலை நிண்டு நான் சொல்லுறன். டெலிபோனைப் பிள்ளையின்ரை காதிலை வையுங்கோ,” என்றார். அப்படியே ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தோம். இங்கே மத்தியானம், அங்கே விளக்கு வைக்கும் நேரம்.

அன்று ரொம்மனில் பனி உருகத் தொடங்கியிருந்தது. வரவேற்பறையில் குத்துவிளக்கு ஏற்றி, தாம்பாளத்தில் பச்சையரிசி பரப்பி, அதில் கணவர் மோதிரத்தால் பெயரை எழுதினார். மச்சாள் எட்டிப் பார்த்தார். என்ன பெயர் என்று அதுவரை அவருக்கும் தெரியாது. நட்சத்திரத்தின் நான்கு எழுத்தில் ஒன்றுகூட இல்லையே என்று வாயைத் திறந்தவர், பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு என் வீட்டுக் கதை தெரியும். திறந்த வாயை மூடிக்கொண்டு, சேலைத் தலைப்பால் பிள்ளையின் கடைவாயைத் துடைத்துவிட்டார். அன்றிலிருந்து மச்சாளை எனக்கு மெய்யாகவே பிடிக்கும். மேல்மாடிப் பெண்மணியும் வந்து சுவரோரமாக நின்றார்.

டெலிபோனை எடுத்தோம். லைன் ஒரே இரைச்சல். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று கணவர் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தி, பிள்ளையின் தலைமாட்டில் வைத்தார். அப்பா மந்திரம் சொல்வதுபோல மெதுவாக ஏதோ சொன்னார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“மாமா, கேக்கேல்லை. கொஞ்சம் பலத்துச் சொல்லுங்கோ,” என்றார் கணவர்.

அந்தப் பக்கம் அப்பா தொண்டையைச் செருமினார். பிறகு அப்பா கூப்பிட்டார். ஆம், கூப்பிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். காதில் பெயர் ஓதுகிற குரல் அல்ல அது. கடைசி எழுத்தை இழுத்து, கோயில் வெளியில் பந்தடித்துக்கொண்டிருந்த தம்பியை எங்கள் வீட்டு வாசல் படலையில் நின்று கூப்பிடுவாரே, அந்தக் குரல். ஏழு வருடமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளிருந்து எங்கள் அறை முழுக்க வந்து நின்றது. காலை உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை உதைப்பதை நிறுத்தினான். கண்ணை விரித்து, மூச்சையும் பிடித்துக்கொண்டு கேட்டான்.

மூன்று முறை சொல்லவேண்டும் என்பது வழக்கம். அப்பா மூன்றோடு நிறுத்தவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கணவர் என்னைப் பார்த்தார். நான் பேசாமல் இருங்கள் என்று கை காட்டினேன். மொழி விளங்காத மேல்மாடிப் பெண்மணி கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அந்தப் பக்கத்திலிருந்து வேறொரு சத்தம் கேட்டது. படலை அடிபடும் சத்தம். யாரோ ஓடி வரும் சத்தம். முழங்கால் வருத்தக்காரியான என் அம்மாவின் குரல், தூரத்திலிருந்து கிட்ட கிட்ட வந்தது.

“எங்கை? எங்கை நிக்கிறான்? வந்திட்டானோ?”

அப்பா அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொல்லுறன் சொல்லுறன் என்று நாளைக் கடத்தியிருக்கிறார், பாவம். அம்மா வேலிக்கு அப்பால் தன் குசினி அடுப்படியில் நின்று கேட்டதெல்லாம், புருஷன் படலைக் குரலில் மகனைக் கூப்பிடுகிற சத்தம் மட்டும்தான். என்ன காரியம் செய்துவிட்டேன்! இப்போது அந்த மனிதர் என்ன சொல்லப்போகிறார்? இல்லை என்று சொன்னால் அவள் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவாளே.

அப்பா சொன்னார்: “ஓம். வந்திட்டான். இந்தா, கதை.”

றிசீவர் கை மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் மூச்சு வாங்கல். நான் ‘அம்மா, இது நான்’ என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து, பிடித்து வைத்திருந்த மூச்சைப் பிள்ளை விட்டான். விட்டுவிட்டு, ‘ங்கா’ என்றான்.

அம்மாவின் மூச்சு வாங்கல் நின்றது. லைன் அறுந்துவிட்டதென்றே நினைத்தேன். அவள் அழவில்லை, கத்தவில்லை, யார் என்று கேட்கவில்லை. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பிறகு அவள் அந்தப் பெயரைச் சொன்னாள், ஏழு வருடத்தில் முதல் தடவையாக.

“இவ்வளவு நாளும் எங்கையடா போயிருந்தனீ?” என்றாள். “சாப்பிட்டியோ?”

“ஓம் அம்மா,” என்றேன். “இப்பதான் பால் குடிச்சவன்.”